ரேகைச் சட்டத்திலிருந்து முகப்பதிவு வரை: எழுதுவோரும் எழுதப்படுவோரும்



புதிய தொழில்நுட்பங்களும் அவை எழுப்பும் அறக்கேள்விகளும் என்பது இன்றைய தலைப்பு. இத்தலைப்பில் நடக்கும் கூட்டங்களில் பெரும்பாலும் எதிர்காலத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எந்திரம் மனிதனை மிஞ்சிவிடுமா, வேலைகள் போய்விடுமா, அந்தரங்கம் என்ன ஆகும் என்று கவலைப்படுகிறார்கள். இந்தக் கவலைகளில் பல நமக்குப் பழைய செய்திகள். உடலே அடையாள அட்டையாக மாறுவதும், நம்மைப் பற்றிய பதிவேட்டை நாமே பார்க்க முடியாமல் போவதும், செய்யாத குற்றத்துக்கு முன்கூட்டியே சந்தேகிக்கப்படுவதும் இந்த மண்ணில் ஒன்றரை நூற்றாண்டாக நடந்துவருகின்றன. எனவே நாம் எதிர்காலத்திலிருந்து தொடங்கவில்லை. விரல்ரேகையின் வரலாற்றிலிருந்து தொடங்குகிறோம்.

1. உள்ளங்கையில் தொடங்கியது

விரல்ரேகையைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் முறை லண்டன் ஆய்வுக்கூடத்தில் பிறந்து இந்தியாவுக்கு வந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். நடந்தது நேர்மாறு. 1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலை போடுவதற்கான பொருள்களைத் தரவிருந்த ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்ததாரரின் முழு உள்ளங்கையையும் மையில் தோய்த்து ஒப்பந்தத் தாளின் பின்புறம் பதியவைத்தார். கையெழுத்தைப் பின்னால் மறுக்கத் துணியாதபடி அவரை அச்சுறுத்தவே அப்படிச் செய்ததாக ஹெர்ஷலே பின்னாளில் எழுதினார். 1857 எழுச்சிக்கு அடுத்த ஆண்டு அது. ஆளப்படுபவரின் சொல்லை ஆள்பவர் நம்பத் தயாராக இல்லாத காலம். சொல்லை நம்பாதவர்கள் உடலிடம் சாட்சி கேட்டார்கள்.

1870களின் பிற்பகுதியில் ஹூக்ளியில் நீதிபதியாக இருந்த ஹெர்ஷல், ஓய்வூதியம் வாங்குவோரிடமும் பத்திரம் பதிவோரிடமும் சிறைக்கைதிகளிடமும் ரேகை எடுத்தார். ஓய்வூதியம், பத்திரம், சிறை என்ற இந்த மூன்று இடங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றும் இதே மூன்று வாசல்களில்தான் நம் விரலைக் கேட்கிறார்கள்.

அடுத்த கட்டம் கல்கத்தாவில் நடந்தது. ரேகையை எடுப்பது எளிது. ஆயிரக்கணக்கான ரேகைகளுக்கு நடுவே ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் சிக்கல். வங்காளக் காவல்துறைத் தலைவர் எட்வர்ட் ஹென்றியின் கீழ் பணியாற்றிய அஜிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய உதவி ஆய்வாளர்கள் இதற்கு வழி கண்டார்கள். ரேகைகளை வகைப்படுத்தி 1,024 அறைகளில் அடுக்கும் முறை உருவாயிற்று. 1897இல் கல்கத்தாவில் ரேகைப் பிரிவு தொடங்கியது. 1901இல் அந்த முறை லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்குச் சென்றது. அதற்கு ‘ஹென்றி முறை’ என்ற பெயரும் நிலைத்துவிட்டது. உழைத்த இருவரின் பெயர் பின்னால் போய்விட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதிய கருவியை முதலில் சோதித்துப் பார்க்கும் இடம் எது? ‘முடியாது’ என்று சொல்லும் அதிகாரம் இல்லாதவரின் உடல்தான். காலனியில் சோதித்து முடித்த பிறகே அது தலைநகருக்குப் போனது.

2. மூக்கை அளந்தவர்கள்

ரேகைக்கு முன்பே வேறொரு கருவி இந்த நாட்டில் சுற்றிவந்தது. மண்டையையும் மூக்கையும் அளக்கும் கவராயம் அது. மூக்கின் அகலம் கூடக்கூடச் சமூகத் தகுதி குறையும் என்ற கோட்பாட்டை ஹெர்பர்ட் ரிஸ்லி முன்வைத்தார். அவர்தான் 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளின் தலையையும் மூக்கையும் அளந்து எண்களாக்கினார். தென்னிந்தியச் சாதிகளும் குலங்களும் பற்றிய அவருடைய ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தன. ஊரில் வாய்மொழியாக இருந்த இழிவுக்கு அறிவியல் உடை தைத்துக்கொடுத்த வேலை இது.

பிரான்சிஸ் கால்டனும் ரேகையில் இனத்தைத் தேடினார். இனமேம்பாட்டியல் என்ற கொடிய கருத்துக்கு 1883இல் பெயர் சூட்டியவர் அவர். எந்த இனத்தின் ரேகை தாழ்ந்தது என்று கண்டுபிடித்துவிடலாம் என நம்பி ஆராய்ந்தார். 1892இல் வெளிவந்த தம் நூலில், அப்படி ஒரு வேறுபாடும் தென்படவில்லை என்று எழுத வேண்டிவந்தது.

அண்ணல் அம்பேத்கர் இந்த அளவுகளை எப்படிக் கையாண்டார் என்பது நமக்குப் பாடம். தீண்டப்படாதோர் யார் என்று ஆராய்ந்து 1948இல் வெளியிட்ட நூலில் மூக்கு அளவுக் கணக்குகளையே எடுத்துவைத்தார். பிராமணரும் தீண்டப்படாதோரும் வேறுவேறு இனம் என்றால் இந்த எண்கள் அப்படிச் சொல்லவில்லையே என்று காட்டினார். ஆள்வோர் திரட்டிய தரவைக் கொண்டே அவர்களுடைய கோட்பாட்டை உடைத்தார். தரவு கண்டு அஞ்சி ஒதுங்குவது அவர் வழியல்ல. அதை வாங்கிப் படித்து, கேள்வி கேட்டு, திருப்பி வைப்பதே அவர் வழி.

3. ரேகை பொய் சொல்லவில்லை

1871இல் குற்றப் பரம்பரையினர் சட்டம் வந்தது. முதலில் வட இந்தியாவில் இருந்த அது, 1911ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. பட்டியலிடப்பட்ட சமூகத்தவர் தம் பெயரைப் பதிய வேண்டும். அழைத்தபோது வந்து நிற்க வேண்டும். ஊரைவிட்டு வெளியே போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். பதிவான எவருடைய ரேகையையும் காவல்துறை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். நம் மக்கள் இதற்கு வைத்த பெயர் ‘ரேகைச் சட்டம்’. சட்டத்தின் உயிர் எந்தக் கருவியில் இருக்கிறது என்பதை அவர்கள் சரியாகப் பிடித்துவிட்டார்கள்.

1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். காவல்துறை சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தார்கள். உடலைப் பதிவேடாக்கும் தொழில்நுட்பத்துக்கு எதிராக எளிய மக்கள் உயிர்கொடுத்த போராட்டம் என்ற வகையில் உலக வரலாற்றிலேயே அதற்கு இடம் உண்டு.

தலித் மேடையில் இதைப் பேசும்போது அடுத்ததையும் பேசியாக வேண்டும். அதே உசிலம்பட்டி வட்டாரத்தில்தான் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் இருக்கின்றன. தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட அந்தத் தலைவர் பதவிகளுக்கு 1996 முதல் பத்தாண்டுகள் முறையாகத் தேர்தல் நடத்த முடியவில்லை. 2006இல்தான் நடந்தது. அரசின் ஒடுக்குமுறைக்கு ஆளானவர் தமக்குக் கீழே இருப்பவரை ஒடுக்க மாட்டார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 1920இன் ஈகத்தை மதிக்கிறோம், 1996இன் அநீதியை மறக்க மாட்டோம். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. பட்டியலில் இருந்த குறவர் போன்ற சமூகங்கள் இந்தச் சட்டத்தின் சுமையையும் தீண்டாமையின் சுமையையும் ஒருசேரச் சுமந்தன என்பதையும் இங்கே பதிவுசெய்கிறோம்.

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுக்க வேண்டிய முதன்மையான பாடம் ஒன்று உண்டு. ரேகை ஏறக்குறையத் துல்லியமான கருவி. ஒருவர் ரேகை இன்னொருவருக்கு இராது. அப்படியிருந்தும் அந்தச் சட்டம் முழுக்க முழுக்க அநீதி. ஏன்? ‘இவர் யார்’ என்று கேட்டபோது ரேகை பொய் சொல்லவில்லை. ‘இந்தச் சாதியில் பிறந்ததால் இவர் குற்றவாளி’ என்று சொன்ன சட்டம்தான் பொய் சொன்னது. கருவியின் துல்லியம் அந்தப் பொய்யை இன்னும் திறமையாக வேலைசெய்ய வைத்தது. ‘எங்கள் மென்பொருள் 99 விழுக்காடு துல்லியமானது’ என்று இன்று யாராவது சொன்னால், நாம் பெருங்காமநல்லூரை நினைத்துக்கொள்ள வேண்டும். துல்லியம் வேறு, நீதி வேறு.

4. சட்டம் போனது, பதிவேடு போகவில்லை

குற்றப் பரம்பரையினர் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் நீக்கப்பட்டது. ஆனால் 1948இலேயே சென்னை மாகாணத்தில் வழக்கக் குற்றவாளிகள் சட்டம் வந்துவிட்டது. சாதியின் பெயர் போய் ஆளின் பெயர் வந்தது. காவல்நிலையத்தில் ‘சரித்திரப் பதிவேடு’ என்று ஒன்று உண்டு. நம் சேரிகளுக்குப் பாடநூலில் சரித்திரம் கிடையாது, காவல்நிலையத்தில் மட்டும் உண்டு. சிறை விதிகளில் இந்தப் பழைய மொழி எவ்வளவு காலம் உயிரோடு இருந்தது என்பதை 2024 அக்டோபரில் சுகன்யா சாந்தா வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே சொன்னது. சாதி பார்த்துச் சிறைவேலை பிரிக்கும் விதிகளை அது செல்லாதவையாக்கியது. கைதிகள் பதிவேட்டில் இருந்த சாதிப் பத்தியையும் நீக்கச் சொன்னது. அரசமைப்புச் சட்டம் வந்து 74 ஆண்டுகள் கழித்து இது நடந்தது.

பெருங்காமநல்லூரில் சுட்ட அதே 1920இல்தான் கைதிகள் அடையாளச் சட்டமும் இயற்றப்பட்டது. ரேகை, கால்தடம், நிழற்படம் எடுக்க அது அதிகாரம் தந்தது. 102 ஆண்டுகள் கழித்து, 2022இல், குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. இப்போது கருவிழி, விழித்திரை, உயிரியல் மாதிரி, கையெழுத்து என்று பட்டியல் நீள்கிறது. பதிவை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். முன்பு தண்டனை பெறாதவர் விடுதலையானால் பதிவை அழிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் மேல்முறையீடுகள் எல்லாம் முடிய எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பது வழக்குக்காக நீதிமன்றம் ஏறி இறங்கிய நம் தோழர்களுக்குத் தெரியும். 2011 கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினர் மக்கள்தொகையில் 16.6 விழுக்காடு. சிறைகளில் நம் பங்கு அதைவிடக் கூடுதல் என்று அரசின் சிறைப் புள்ளிவிவரங்களே ஆண்டுதோறும் காட்டுகின்றன. அப்படியானால் இந்தப் புதிய தரவுக் கிடங்கில் யாருடைய உடல் அதிகம் சேரும் என்பதைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல் முகமறி மென்பொருள் வந்திருக்கிறது. நிற்கச் சொல்ல வேண்டாம், மை தடவ வேண்டாம். நடந்துபோகிறவருக்குத் தெரியாமலே அவர் முகம் பதிவாகிவிடும். ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு கறுப்பினப் பெண் ஆய்வாளர்கள் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களின் முகங்களில் தவறு 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களின் முகங்களிலோ 34.7 விழுக்காடு வரை தவறியது. எந்திரத்துக்குப் பயிற்சி தந்த படங்களில் கருநிற முகங்கள் குறைவாக இருந்தன.

இந்த ஆய்வு முக்கியமானது. ஆனாலும் அதோடு நாம் நின்றுவிட முடியாது. நாளை இந்தத் தவறைத் திருத்திவிடுவார்கள். எல்லா முகங்களையும் சரியாக அடையாளம் காணும் எந்திரம் வரும். அப்போது, போராட்டத்துக்கு வந்த ஒவ்வொரு தோழரின் முகத்தையும் அது பிழையின்றிச் சொல்லும். தவறான எந்திரம் நமக்கு ஓர் ஆபத்து என்றால் சரியான எந்திரம் வேறோர் ஆபத்து.

சாதியை எங்கும் எழுதாமலே எந்திரம் சாதி பார்க்கவும் கூடும். சுக்தேவ் தோரட், பால் அட்டவெல் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள வேலை விண்ணப்பங்களைத் தலித் பெயரிலும் மேல்சாதிப் பெயரிலும் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு குறைந்தது. நிறுவனங்களின் இத்தகைய பழைய முடிவுகளைப் படித்துத்தான் ஆளெடுக்கும் செயற்கை நுண்ணறிவு பாடம் கற்கிறது. ஊர்ப்பெயர், பள்ளி, தெருவின் பெயர், பேச்சு வழக்கு ஆகியவற்றில் சாதியைக் கண்டுபிடிக்க நம் ஊரில் எந்திரம்கூட வேண்டாம். எந்திரம் செய்தால் மட்டும் அதற்கு ‘நடுநிலை’ என்ற பெயர் கிடைத்துவிடும்.

5. தேய்ந்த விரல்

2010 செப்டம்பரில் மகாராஷ்டிராவின் நந்துர்பார் மாவட்டத்தில் தெம்ப்ளி என்ற பழங்குடி ஊரில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. பத்து விரல், இரண்டு கருவிழி. பங்களா வாசலில் தொடங்காமல் பழங்குடிக் குடிசையில் ஏன் தொடங்கினார்கள் என்பதை நாம் கேட்க வேண்டும். ஏழைக்கு அடையாளம் தருகிறோம் என்றார்கள். அடையாளம் இல்லாததால் அலைக்கழிக்கப்பட்டவர்களுக்கு அது உதவியது என்பதை மறுக்கவில்லை. பிறகு அதுவே கதவாயிற்று. கதவுக்குப் பூட்டும் வந்தது.

செங்கல் சூளையில் மண் பிசைபவர், கல் உடைப்பவர், நாற்று நடுபவர், சுண்ணாம்பில் கை வைப்பவர் ஆகியோரின் ரேகை தேய்கிறது. உழைப்பின் தழும்பு அது. எந்திரம் அதை ‘பொருந்தவில்லை’ என்கிறது. அலுவலகத்தில் விசைப்பலகை தட்டும் விரலை உடனே ஏற்றுக்கொள்கிறது. பல தலைமுறை உடலுழைப்பை ஒரு சாதியின் மேல் சுமத்திவிட்டு, அந்த உழைப்பு அழித்த ரேகையைக் கேட்டு அரிசியை நிறுத்துவது என்ன நீதி? 2017 ஆகஸ்டில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 2018 செப்டம்பரில் ஆதார் வழக்கில், தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க வழிவிட்ட பகுதி நீக்கப்பட்டது. அரசின் நலத்திட்டங்களுக்கு ஆதார் கேட்பது மட்டும் செல்லும் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. கைப்பேசி இணைப்பு வாங்குபவருக்குக் கிடைத்த விடுதலை ரேஷன் அரிசி வாங்குபவருக்குக் கிடைக்கவில்லை.

நூறுநாள் வேலைக்கு 2023 ஜனவரி முதல் செயலி வழி வருகைப்பதிவு கட்டாயமானது. நாளுக்கு இருமுறை படம் எடுத்து ஏற்ற வேண்டும். சிக்னல் இல்லாத கண்மாய்க்கரையில் படம் ஏறவில்லை என்றால், மண் வெட்டிய உழைப்பு கணக்கில் வராது. முன்பு மஸ்டர் ரோல் காகிதம் பணித்தளத்திலேயே இருந்தது. எழுத்துத் தெரிந்த ஒரு பிள்ளை படித்துக்காட்டினால் மோசடி வெளிப்படும். இப்போது அது நம் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு தன் அமைப்புகளுக்கே விலக்களித்துக்கொள்ள இடம் தருகிறது. அதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவையும் மாற்றி, தனிநபர் தகவல் என்று சொல்லி மறுப்பதை எளிதாக்கிவிட்டது. நம்மைப் பற்றி அரசு அறிவது கூடுகிறது, அரசைப் பற்றி நாம் அறிவது குறைகிறது.

6. வராத கருவி

கண்காணிக்கும் கருவி இவ்வளவு விரைவாக வருகிறதே, நம்மை விடுவிக்கும் கருவி எப்போது வருகிறது?

கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான சட்டம் 1993இல் வந்தது. 2013இல் இன்னொரு சட்டம் வந்தது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தரச் சொன்னது 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு. 2023 அக்டோபர் தீர்ப்பு அதை முப்பது லட்சமாக்கியது. இழப்பீட்டுத் தொகை உயர்ந்துகொண்டே இருக்கிறது, குழிக்குள் இறங்குவது நிற்கவில்லை. 1993 முதலான இறப்புகளை மாநிலவாரியாக ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தந்த பட்டியலில் முதலிடத்தில் இருப்பது நம் தமிழ்நாடு. சமூகநீதியின் மண் என்று பெருமை பேசுவோர் இந்த முதலிடத்தையும் பேச வேண்டும்.

கருவி இல்லையா? இருக்கிறது. உறிஞ்சு வண்டியும் அடைப்பு நீக்கும் எந்திரமும் பல ஆண்டுகளாக இருக்கின்றன. கேரள இளைஞர்கள் உருவாக்கிய பெருச்சாளி எந்திரம் 2018இல் திருவனந்தபுரத்தில் இறங்கியது. கும்பகோணத்துக்கும் வந்தது. ஆனால் மனித உயிர் எந்திரத்தைவிட மலிவாகக் கிடைக்கும் ஊரில் எந்திரம் காட்சிப்பொருளாகிவிடும். அந்த மலிவை உண்டாக்கித் தருவது சாதி.

இதே காலத்தில் சண்டிகர், நாக்பூர் போன்ற நகரங்களில் தூய்மைப் பணியாளர்களின் மணிக்கட்டில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டினார்கள். எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் ஓய்வெடுக்கிறார், கழிப்பறைக்கு எப்போது போகிறார் என்பதெல்லாம் திரையில் தெரியும். நகரின் தூய்மைக்குப் பொறுப்பான உயர் அதிகாரியின் கையில் அந்தக் கடிகாரம் இல்லை. கண்காணிக்க இவ்வளவு நுட்பம் இருக்கிறது. விஷவாயு ஏறுவதை முன்கூட்டிச் சொல்லும் கருவி ஒவ்வொரு பணியாளரிடமும் இருக்கிறதா? அறக்கேள்வி என்றால் இதுதான் அறக்கேள்வி.

எந்திரம் வந்தாலும் அது போதாது. சாக்கடை, மலக்குழிப் பணியாளர்களை அரசே கணக்கெடுத்தபோது, 2024 வரை பதிவான சுமார் 38,000 பேரில் 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். அவர்களுக்கே கடனும் மானியமும் கொடுத்துத் தூய்மை எந்திரம் வாங்கவைத்துத் தொழில்முனைவோர் ஆக்குகிறோம் என்கிறது திட்டம். வாளிக்குப் பதில் எந்திரம் வந்தது நல்லதுதான். ஆனால் வாளியைத் தூக்கிய சாதிதான் எந்திரத்தையும் ஓட்ட வேண்டுமா? சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமன்று, வேலை செய்வோரைப் பிரித்துவைப்பது என்று அண்ணல் 1936இலேயே விளக்கினார். கருவி மாறியும் ஆள் மாறவில்லை என்றால் சாதி நவீனமாகியிருக்கிறது என்று பொருள்.

7. நாம் எந்திரத்துக்கு எதிரிகளா?

இல்லை. ராட்டைக்கும் பழைய கிராமத்துக்கும் திரும்பச் சொன்ன காந்தியத்தை 1945இல் அம்பேத்கர் கடுமையாக மறுத்தார். எந்திரத்தால் விளைந்த தீமைகளுக்குக் காரணம் எந்திரம் அல்ல, தவறான சமூக அமைப்பு என்றார். உழைக்கும் மனிதருக்கு ஓய்வும் பண்பாடும் வேண்டுமென்றால் எந்திரம் வேண்டும் என்பது அவர் நிலை. பழைய கிராமத்தில் நமக்குச் சேரிதான் இருந்தது. எதற்கு அங்கே திரும்ப வேண்டும்?

தொழில்நுட்பம் நம் கைக்கு வந்தபோது என்ன செய்தோம் என்பதற்கும் வரலாறு உண்டு. அச்சு எந்திரம் அன்றைய புதிய தொழில்நுட்பம். 1869இல் ‘சூரியோதயம்’, 1871இல் ‘பஞ்சமன்’, 1893இல் இரட்டைமலை சீனிவாசனின் ‘பறையன்’, 1907இல் அயோத்திதாசப் பண்டிதரின் ‘ஒரு பைசாத் தமிழன்’ ஆகியவை வந்தன. படிக்கவே கூடாது என்று தடுக்கப்பட்ட மக்கள் அச்சுக் கோத்துத் தம் வரலாற்றைத் தாமே எழுதினார்கள். ஒரே நூற்றாண்டில் ஒரு மை நம் விரலில் தடவப்பட்டது, இன்னொரு மையை நாமே எடுத்து எழுதினோம். மை ஒன்றுதான். யார் எழுதுகிறார், யார் மேல் எழுதப்படுகிறது என்பதில்தான் வேறுபாடு.

8. கேட்க வேண்டிய கேள்விகள்

எந்தப் புதிய கருவி வந்தாலும் நான்கு கேள்விகளைக் கேட்போம். முதலில் யார் மேல் சோதிக்கிறார்கள்? வேண்டாம் என்று சொன்னால் அரிசியோ கூலியோ நிற்குமா? பதிவேடு யார் கையில் இருக்கிறது, அதை நாம் பார்க்கவும் திருத்தவும் முடியுமா? இதே கருவியை மேலே இருப்பவர் மேலும் பொருத்துவார்களா?

இவை கருத்தரங்கோடு முடியும் கேள்விகள் அல்ல. ரேகை பொருந்தாததால் எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்று கிராமசபையில் கேட்கலாம். மாற்றுவழியில் பொருள் தரும் விதியை ரேஷன் கடைச் சுவரில் எழுதிவைக்கச் சொல்லலாம். உங்கள் நகராட்சி எந்திரத்துக்கு எவ்வளவு, கண்காணிப்புக்கு எவ்வளவு செலவிட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். சமூகத் தணிக்கையில் செயலியின் பதிவையும் சேர்க்கச் சொல்லலாம். சமூகவியல் படிக்கும் மாணவர்கள் கணினி படிக்கும் மாணவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். நம் பிள்ளைகள் நிரல் எழுதும் இடத்துக்குப் போக வேண்டும், போன பிறகு இந்த வரலாற்றை மறக்காமல் இருக்க வேண்டும்.

மூக்கை அளந்தவர்களின் எண்களை வாங்கி அவர்களிடமே திருப்பி வைத்தார் அண்ணல். நம்மை அளக்கும் எந்திரங்களிடம் நாம் செய்ய வேண்டிய வேலையும் அதுவே.

ஜெய்பீம்.